வெள்ளையன் வெள்ளச்சியான மழைக்காலம்

ரப்பர் தோட்டத்து வரிசை லயத்தில் பிறந்து, இன்றைக்கு மூக்குக் கண்ணாடியைத் தேடவே இன்னொரு மூக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே, மழைநாளில் நம் ஒற்றையறைக் காம்பராவுக்குள் இருந்த வாசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஈர விறகின் புகை, அடுப்புப் பற்றவைத்த ரப்பர் ஒட்டுப்பால் கருகும் நாற்றம், கொடியில் காயவே காயாத துணி. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலைமுடிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் யார் எந்த லயம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஒரு வருஷம் மட்டும் எங்கள் காம்பராவில் அந்த வாசனையோடு வேறு இரண்டும் சேர்ந்திருந்தன. ஒன்று, பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கும் காய மருந்தின் வாசனை. இன்னொன்று முயலின் வாசனை. அந்த மழைக்காலத்தைத்தான் சொல்லப்போகிறேன். நடந்ததெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் மழை வழிகிற மாதிரிக் கலங்கலாகத்தான் தெரிகிறது. ஆனால் சில இடங்கள் துடைத்து வைத்தது போல அப்படியே இருக்கின்றன.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே. அம்மாவுக்கு அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். அதுவரை வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருந்த நான் எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் பஜாருக்குப் போனவர் நனைந்துபோன டின்பால் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். சட்டைக்குள்ளிருந்து பாண் ரொட்டியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, இது ஒனக்கு. தம்பிக்கு இல்ல. ஒனக்கு மட்டுந்தான்."

பெட்டிக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு முயல். அதன் மூக்கு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

பஜாரில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர், கடை நானா, கொடுத்ததாம். அவரிடம் இரண்டு இருந்தன. "ரெண்டும் ஆம்புள மொசல். ஓயாம சண்ட. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி மல்லுக்கட்டுது. ஒண்ட நீங்க கொண்டு போங்க, புள்ளைக்கு வெளயாட ஈக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். அப்பா அதை அப்படியே வந்து சொல்ல, அம்மாவும் நம்பினாள், நானும் நம்பினேன். ஆண் என்றபடியால் வெள்ளையன் என்று பெயர் வைத்தேன்.

அப்பா பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரிலிருந்து பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அந்தப் பெட்டிகளை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது. ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்த பலகைப் பெட்டி. வெளியே கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகள். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். முயல் கடித்துவிடும் என்று கீழ்ப்பக்கத்துத் தாளை அப்பா உரித்தெடுத்தார். மேலே மிஞ்சியிருந்த தாளில் சிமினி லாம்பின் வெளிச்சம் விழும்போது, முயல் நிலா வெளிச்சத்தில் படுத்திருப்பது போலத் தெரியும். நான் பெட்டிக்குள் தலையை விட்டபடியே தூங்கிப்போயிருக்கிறேன். கன்னத்தில் பலகை விளிம்பின் தழும்போடு அம்மா என்னைத் தூக்கிப் பாயில் போட்டிருக்கிறாள்.

சித்தி வந்ததும் அந்த நாட்களில்தான்.

சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் பிரசவம். அம்மாவுக்குத் தம்பி பிழைத்தான். சித்திக்குப் பிறந்தது பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தது. கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இனி அவளைக் கூப்பிடப் போவதில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

தலையில் இறுக்கிக் கட்டிய துண்டோடும் காதில் அடைத்த பஞ்சோடும் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அம்மாவும் அதேபோலத் துண்டு கட்டி, பஞ்சு வைத்திருந்தாள். இருவர் மேலும் ஒரே காய மருந்து வாசனை. ஒருத்தி கையில் பிள்ளை இருந்தது, மற்றவள் கையில் துணிப்பை இருந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கைப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, ஏக்கம் பட்டுவிடும் என்று பக்கத்துக் காம்பரா அத்தை சொல்லியிருந்தாள். அதனால் இஸ்தோப்பில், அதுதான் நம் காம்பராவின் முன்பக்கம், சாக்குக் கட்டி மறைத்துச் சித்திக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். தம்பியின் தூளி உள்ளே. இடையில் ஒரு கதவு. தம்பி அழும்போதெல்லாம் சித்தி எழுந்து வெளியே மழையில் போய் நிற்பாள். திரும்பி வரும்போது அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும். மழையில் நின்றால் முதுகும்தானே நனைய வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ஒரு நாள் சட்டென்று அது விளங்கியது.

ஈரப் புல்லை மட்டும் முயலுக்குக் கொடுக்க வேண்டாம், வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று நானா அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நம் ஊர் மழையில் ஈரமில்லாத புல்லுக்கு நான் எங்கே போவேன்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியெல்லாம் பறித்துக்கொண்டு வருவேன். காலில் அட்டை ஏறியிருக்கும். அதைப் பிடுங்கக்கூட நிற்காமல், அம்மாவின் கிழிந்த சேலைத் துண்டால் ஒவ்வொரு புல்லாகத் துடைத்து அடுப்புக்கு மேலே பரணில் உலர்த்துவேன். ஒரு நாள் நான் துடைத்ததைவிட எதிரே இருந்த குவியல் பெரிதாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சித்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாளும் வந்தாள். அப்புறம் அது எங்கள் இருவருடைய வேலையாகிவிட்டது. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே, புல்லைத் துடைத்துத் துடைத்து எங்கள் விரல்கள் பச்சையாகிப்போகும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஒரு மாலையா, ஒரு மாதமா என்றுகூட இப்போது எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் வெள்ளையனின் குணம் மாறியது. கையை நீட்டினால் உறுமியது. முயல் உறுமும் என்பதையே நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். காய்ந்த மானாப்புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் பெரிய மீசை வைத்தது போல, பெட்டியின் மூலைக்கும் நடுவுக்குமாக அலைந்தது. மறுநாள் விடியும்போது அதன் நெஞ்சிலும் வயிற்றிலும் ரோமம் இல்லை. அதுவே கடித்துப் பிடுங்கியிருந்தது. பெட்டிக்குள் மூலையில் குவியலாக ரோமம். காற்றில் பறந்த ஒரு கொத்து தூளியில் கிடந்த தம்பியின் உதட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"சொறி புடிச்சிருச்சு" என்றாள் அத்தை. "கைப்புள்ள இருக்கிற வீட்டுல இத வச்சுக்கிட்டு இருக்கீங்களே. மொதல்ல கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லு."

நான் அழுதேன். அழ அழ என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள் அத்தையின் மகள். அதற்குப் பிறகு நடந்ததைச் சித்தி சொல்லித்தான் நான் அறிவேன். அப்பா சாக்கை எடுத்திருக்கிறார். சித்தி அவர் முன்னால் போய் நின்று, "வேணாம் மச்சான். அது சொறி மாதிரி தெரியல. அது வேற என்னமோ செய்யப் பாக்குது" என்றிருக்கிறாள்.

"ஒனக்கு என்னடி தெரியும்?" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டிருக்கிறாள். "எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீயா பதில் சொல்லுவ?"

சித்தி விலகி வழி விட்டிருக்கிறாள். அப்பாவுக்கு முயலை அடிக்க மனம் வரவில்லை. தொங்கு பாலத்தைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமத்துத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் விட்டுவிட்டு, அப்படியே வடிகால் கான் வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். பெட்டிக்குள் இருந்த புல்லையும் ரோமத்தையும் எரித்துவிடச் சொல்லிச் சித்தியிடம் அம்மா கொடுத்தாள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது காம்பராவுக்குப் பின்னால் சித்தி குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒட்டுப்பால் போட்டு மூட்டிய நெருப்பு, தூறலில் பாதி அணைந்து புகைந்துகொண்டிருந்தது. தேயிலைப் பெட்டி அவள் முன்னால் இருந்தது. அவளுடைய வலது கை மணிக்கட்டுவரை அந்த ரோமக் குவியலுக்குள் புதைந்திருந்தது. முகம் விறைத்துப்போயிருந்தது.

"சித்தி, எரிக்காதீங்க! என் வெள்ளையன் எங்க?"

"சத்தம் போடாத. இங்க வா. கையக் குடு."

என் கையைப் பிடித்து ரோமத்துக்குள் விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. அந்தச் சூட்டுக்குள் ஏதோ துடித்தது. அவித்து உரித்த பலாக்கொட்டைகளைச் சூட்டோடு அள்ளிப் போட்டது போல இருந்தது. சித்தி ரோமத்தை மெதுவாக விலக்கினாள். ஐந்தோ ஆறோ குட்டிகள். கண் திறக்காதவை, மயிர் முளைக்காதவை, காது தலையோடு ஒட்டிக்கிடந்தவை. ஒன்று கொட்டாவி விட்டது.

"இன்னும் கொஞ்சத்துல நெருப்புல போட்டிருப்பேன்" என்றாள் சித்தி. "கொள்ளிக்கட்டைய வச்சிட்டேன்டி. பத்திக்கல. ஈரம்."

பிறகு அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். அவள் நுழையக் கூடாது என்றிருந்த கதவைத் தாண்டி, தூளிக்குப் பக்கத்தில், அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"அக்கா, பாரு. சொறி இல்ல. மெத்த போட்டிருக்கு. புள்ளைங்களுக்கு."

அம்மா குனிந்து பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். தம்பி அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயோ" என்றாள். "ஆம்பளன்னுதானே நானா சொன்னாரு?"

"மச்சான் எங்க விட்டாரு?"

"ஆத்துக்கு அங்கிட்டு. பாலத்த தாண்டி, கித்துல் மரத்துகிட்ட விடுறேன்னுட்டுப் போனாரு." அம்மா மேலே ஏதோ சொல்ல வந்தாள். சித்தி அதற்குள் குடையை எடுத்துவிட்டாள். "அடுப்புக்குப் பக்கத்துல வச்சுக்க அக்கா. சூடு கொறயக் கூடாது. நான் போயி தாயக் கொண்டாறேன்."

ஒரே குடைக்குள் இருவரும் போனோம். மலைச் சரிவெங்கும் ரப்பர் மரங்கள் நனைந்து கறுத்து வரிசையாக நின்றன. பனிமூட்டம் வரிசைகளுக்குள் புகுந்து புகுந்து வந்தது. காலையில் யாரோ அவசரப்பட்டு வெட்டிய மரங்களில் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மழையோடு கலந்து பட்டை முழுவதும் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. தொங்கு பாலத்துக்குக் கீழே ஆறு சேற்று நிறத்தில் புரண்டது. பலகைக்குப் பலகை இடைவெளியில் தண்ணீர் தெரியும். வழக்கமாக நான் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். அன்றைக்குச் சித்தியின் கை என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததால் பயம் வரவில்லை.

கித்துல் மரத்தடியில் ஒன்றும் இல்லை. "வெள்ளையா, வெள்ளையா" என்று கூப்பிட்டேன். பெயர் தப்பு என்று அப்போதுதான் தெரிந்திருந்தும் வாயில் வேறொன்றும் வரவில்லை. வேலிக்கு வேலி குனிந்து பார்த்தோம். கீரிப்பிள்ளை ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. அதைக் கண்டதும் நான் அழத் தொடங்கினேன்.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. முற்றத்தில் பெரிய கூடையொன்றைக் கவிழ்த்து, மேலே கல் வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் கூடையின் இடுக்கு வழியாகக் கங்குன் கீரையை உள்ளே தள்ளி, "சுதூ, சுதூ" என்று, சிங்களத்தில் வெள்ளை என்று, கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன்தான். திண்ணமாக வெள்ளையன்தான்.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். சித்தி சிங்களத்தில் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "அபே வத்தெனே ஹிட்டியே" என்றார். எங்கள் தோட்டத்தில்தானே கிடந்தது என்கிறார். விட்டுவிட்டுப் போனவனை நான் பார்த்தேன், வேண்டாமென்று விட்டதை இப்போது கேட்டால் எப்படி என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சித்திக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் அவரோடு வாதாடவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

"மேகிட்ட பெட்டவு இன்னவா, அக்கே. கிரி பொன்ன ஓனே."

இவளுக்குக் குட்டிகள் இருக்கின்றன அக்கா, அதுகள் பால் குடிக்க வேண்டும்.

அந்தப் பெண் முயலைப் பார்க்கவில்லை. சித்தியைத்தான் பார்த்தாள். தலையில் நனைந்து தொங்கிய துண்டை, காதில் பஞ்சை, சட்டையின் முன்பக்கத்தை. பிறகு மெதுவாக, "ஒயாகே பபா?" என்று கேட்டாள். உன் பிள்ளை?

"நே" என்றாள் சித்தி. இல்லை.

"அனே பவ்" என்றாள் அந்தப் பெண். ஐயோ, பாவம். மழையில் இறங்கி வந்து, தன் கையாலேயே கல்லைத் தள்ளி, கூடையைத் தூக்கினாள். அவளுடைய பிள்ளைகள் முனகினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பெண் முயலைச் சித்தியின் மாராப்புக்குள் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிவிட்டு, போகும்போது ஒரு வாழையிலையை அறுத்து என் தலைக்குப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள். ஒரு குடைக்குள் இனி எங்கள் இருவருக்கும் இடமில்லை என்று அவள் கண்டிருந்தாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. அடுப்புக்கு முன்னால் பெட்டியைத் தன் இரண்டு கால்களுக்கும் இடையில் வைத்து, பீடி பற்றவைக்காமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தி முயலை உள்ளே இறக்கிவிட்டாள். அது குட்டிகளின் மேல் ஏறி நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரே தாவலில் வெளியே வந்து, மூலையில் போய் உட்கார்ந்து முகத்தைக் கழுவ ஆரம்பித்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி.

"இவ்வளவுதானா? திரும்பிக்கூடப் பாக்கல. இதெல்லாம் ஒரு தாயா?" என்றாள் அம்மா.

சித்தி ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து லாம்புக்கு நேராகப் பிடித்தாள். வயிறு உருண்டை கட்டியிருந்தது. மெல்லிய தோலுக்குள்ளே பால் வெள்ளையாகத் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்தோம். அப்பா பீடியை எடுத்துக் காதுக்கு மேலே செருகிக்கொண்டார்.

"தலையத் தொடச்சுக்கடி, சளி புடிக்கப் போவுது" என்று அம்மா சித்தியை ஏசினாள். அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருந்த கதவு அன்றைக்குப் பிறகு சாத்தப்படவில்லை. ஒரு நாள் நான் புல்லோடு வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தம்பி சித்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். இருவருமே அது என்னவோ எப்போதும் நடக்கிற காரியம் என்பது போல வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளையனின் பெயர் வெள்ளச்சியாயிற்று. செய்தி கேட்டுக் கடை நானா தலையில் கை வைத்துக்கொண்டாராம். "அப்ப அதுகள் புடிச்சது சண்ட இல்லயா?" என்று அவர் கேட்க, கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டதாக அப்பா வந்து சொன்னார். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த அபூர்வமான நாட்களில் அது ஒன்று.

குட்டிகளுக்கு ரோமம் முளைத்து, கண் திறந்து, பெட்டியைவிட்டு வெளியே குதிக்கத் தொடங்கிய காலத்தில் சித்தப்பா வந்தார். கொடகவெலயிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் 'டொக்' என்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவும் எதையோ சாக்குச் சொல்லிவிட்டு வெளியே போனார். சித்தப்பா தேத்தண்ணியைத் தொடவில்லை. நான் குட்டிகளுக்குக் கீரை வைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். சித்தி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு குட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பெரிய கை. தேயிலைக் கறை ஏறிய விரல்கள். குட்டி அதற்குள் சுருண்டுகொண்டது.

சித்தி அதன் முதுகை ஒற்றை விரலால் தடவினாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றாள் சித்தி.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்த விஷயத்தில் அந்த லயத்திலேயே என்னைவிட விவரம் தெரிந்தவர் யார்? "இப்பப் பாத்தாத் தெரியாது சித்தி. பெருசாகணும். அப்பயும் நானாவே தப்பாத்தான் சொன்னாரு" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சித்தப்பா குட்டியை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கிவிட்டார்.

"ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க" என்றார். "அம்மா சொன்னிச்சு, மருத்துவச்சியும் சொன்னாங்க. தெரிஞ்சா நீ அதையே நெனச்சுக்கிட்டு இருப்பன்னு. அதான் காட்டாமலே எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"நான் தெரியாமலேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொம்பளப் புள்ள."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள். "எப்படி இருந்திச்சு?"

"தலை நெறைய முடி. ஒன்ன மாதிரி அகல நெத்தி."

முயல் குட்டிக்கு உடம்பு முழுக்கத்தானே முடி இருக்கிறது, இவர் ஏன் தலையைப் பற்றி மட்டும் சொல்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வயது அப்படி.

"எங்க வச்சீங்க?"

"மேல் மலையில. கோயிலுக்குப் பின்னால. கல்லு வச்சு அடையாளம் பண்ணியிருக்கேன். ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டத்தான் வந்தேன்."

மாப்பிள்ளை வீட்டார் அவளை வேண்டாமென்று அனுப்பிவிட்டதாகச் சொன்ன லயத்துப் பேச்செல்லாம் அந்த இடத்தில் முடிந்தது. மறுநாள் காலை சித்தி கிளம்பினாள். காதில் பஞ்சு இல்லை. தலையில் துண்டு இல்லை. அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள், நெடுநேரம் வாரிவிட்டாள். எண்ணெய் தேய்த்த கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டு, "போனதும் சொல்லியனுப்பு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் சித்திக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இருவரும் இப்போது பிள்ளை குட்டிகளோடு வரக்காப்பொலப் பக்கம் இருக்கிறார்கள். சித்தியும் அவர்களோடுதான். காது மந்தமாகிவிட்டது. கத்திக் கத்திப் பேச வேண்டும். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு புதுச் சம்பந்தி அம்மாள், அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். சித்திக்கு முதலில் கேட்கவில்லை. நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து அந்தக் கேள்வியையே உரக்கச் சொன்னேன்.

"ஓ, எனக்கா?" என்று சித்தி சிரித்தாள். "மூணு. மூத்தது பொம்பளப் புள்ள."